ஏனப்பா அந்தக் காரை வித்தனீங்கள்?

கலியாண வீட்டு வாசலில் பூமாலை போட்ட பழைய மொறிஸ் மைனர் ஒன்று நின்றால் போதும். மாப்பிள்ளையை விட்டுவிட்டு, ஐம்பது வயது தாண்டிய ஆம்பிளையள் எல்லாரும் அதைச் சுத்தி நிற்கத் தொடங்கிவிடுவினம். "எங்கட வீட்டையும் ஒண்டு நிண்டது." "பெரியப்பா வச்சிருந்தவர், ஒஸ்ரின் ஏ 40." "சும்மா குடுக்கிற மாதிரித்தான் விலை சொன்னவங்கள், நான்தான் வேண்டாம் எண்டு விட்டிட்டன்." இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் வரும். கடைசியில் எல்லாரும் வந்து சேருகிற இடமும் ஒன்றுதான்: "இண்டைக்கு அது இருந்திருந்தா என்ன விலை போகும் தெரியுமோ?"

எங்கட வயதுக்காரர் இதைக் கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கிறோம்: "ஏனப்பா அந்தக் காரை வித்தனீங்கள்?" கேட்கிற தொனியிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அருமை தெரியாமல் வித்துப்போட்டியள், எங்களுக்கு வைக்காமல் விட்டிட்டியள் என்று. அப்பாக்களும் பெரும்பாலும் பதில் சொல்லுறதில்லை. சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவினம்.

அந்தக் கார்களுக்காகக் கவலைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கவலை பிழையான இடத்தில் போய் நிற்கிறது என்பதுதான் நாங்கள் இங்கே சொல்ல வருவது.

முதலில் இந்தக் கார்கள் ஏன் எங்கட ஊரில் இவ்வளவு காலம் நின்றன என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரித்தானியாவுக்கு அந்நியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. செய்த கார்களில் பெரும்பங்கை ஏற்றுமதி செய்தார்கள். 1947இல் ஒஸ்ரின் ஏ 40 டெவன் வந்தது. 1948இல் மொறிஸ் மைனர் வந்தது. அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்டு, மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேல் விற்றது. பிறகு ஏ 40 சோமர்செற், கேம்பிறிட்ஜ், ஏ 60. இலங்கைக்கும் அவை வந்து இறங்கின. 1960களின் தொடக்கத்தில் இங்கேயும் அந்நியச் செலாவணி இறுகியதும் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனது. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வரும்வரை, இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியிருந்தது. ஆக, "பழசைப் போற்றிப் பாதுகாத்த தலைமுறை" என்று ஒன்று இருந்ததாக நாங்கள் நம்பத் தேவையில்லை. புதுசு வாங்க வழியில்லாத தலைமுறைதான் இருந்தது. ஆனால் அந்த வழியில்லாமைக்குள் ஒரு பெரிய கைவேலைப்பாடு வளர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

அந்தக் கார்களின் நம்பர் பிளேற்றே ஒரு சரித்திரப் புத்தகம். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை எடுத்துச் செய்த ஈஎன், ஈஎல், ஈவை போன்ற இலக்கங்கள் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியவை. அதற்குப் பிறகு வந்தது சிங்கள ஸ்ரீ. அந்த ஓர் எழுத்துக்காக 1950களின் பிற்பகுதியில் வடக்கில் தார் பூசினார்கள், தமிழ் ஸ்ரீ எழுதிப் போராடினார்கள். ஒரு காரை விற்கிறபோது இரும்பும் சில்லும் மட்டும் போகவில்லை, இந்த ஆவணமும் சேர்ந்துதான் போனது. வேண்டினவர் பிளேற்றைக் கழற்றிப் புதுசு அடித்து மாட்டியிருந்தால் அந்த வரலாற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இனி 1990. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. அப்போது ஜப்பான் கார் வைத்திருந்தவர்களில் பலர் காரை வீட்டுக்குள் விட்டு மூடிவைக்க, ஐம்பதுகளின் ஒஸ்ரினும் மொறிஸும் வீதிக்கு வந்தன. இதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய எஞ்சின்களில் பெற்றோலும் காற்றும் அமுக்கப்படுகிற அளவு குறைவு, ஏறத்தாழ 7க்கு 1. இன்றைய பெற்றோல் கார்களில் அது 10க்கு 1 அல்லது அதற்கும் மேல். மண்ணெண்ணெய் அவ்வளவு அமுக்கத்தைத் தாங்காது, நேரம் தப்பிப் பற்றி எஞ்சினை அடித்துவிடும். குறைந்த அமுக்கத்தில் ஒரு மாதிரிச் சமாளிக்கும். ஆனாலும் மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது. அதனால் கொஞ்சப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் பொன் மாதிரி வைத்திருந்து, அதில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பற்றரி பலம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை. முன்னுக்கு ஓட்டைக்குள் கம்பியை விட்டு கையால் சுத்தினால் எஞ்சின் எழும்பும். கம்பியூட்டர் வைத்த காரிடம் இந்த வேலை நடக்காது.

வாடகைக்கு ஓடின பழைய கார்கள் அந்த ஆண்டுகளில் அம்புலன்ஸ் வேலையும் பார்த்தன. பிள்ளைப்பேற்றுக்குப் போனதும் அதில்தான், காயக்காரரை ஏற்றியதும் அதில்தான், பிரேதம் கொண்டுபோனதும் அதில்தான். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி எழும்பி நடந்தபோது, கிழவர்களையும் குழந்தைகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக ஊர்ந்த வாகனங்களுக்குள் இவையும் இருந்தன. இதெல்லாம் காட்சிச்சாலைக்குரிய அழகுப் பொருளின் கதை இல்லை, வேலை செய்த ஒரு இயந்திரத்தின் கதை.

அப்படியென்றால் ஏன் வித்தார்கள்?

எங்கட வீடுகளில் விசாரித்துப் பார்த்தால் காரணங்கள் ஒன்றும் அதிசயமானவை இல்லை. மூத்தவனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டவேணும். அக்காவின் சீதனம். இடம்பெயர்ந்து கொழும்பில் வாடகை வீடு. ஓட்டத்தெரிந்த ஆள் செத்துப்போனார், அல்லது காணாமல் போனார். 2002இல் ஏ 9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி ஆட்கள் வந்தார்கள், கைக்கு மேல் காசு வைத்தார்கள். பன்னிரண்டு வருசம் மண்ணெண்ணெயில் இழுத்த எஞ்சின், மாற்ற உதிரிப்பாகம் இல்லாத பிறேக், ஊத்துப்பட்ட பொடி. அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, வீட்டுக்கு ஓடு வந்தது. 2009க்குப் பிறகு மிச்சமிருந்த கோதுகள் பழைய இரும்பாக லொறியில் ஏறின.

இந்த ஒவ்வொரு விற்பனையும் அந்த நேரத்துக்குச் சரியான முடிவுதான். ஒரு மொறிஸ் மைனரை வித்துத்தான் ஒரு அண்ணன் உயிரோடு கனடாவில் இருக்கிறார் என்றால், அந்த வியாபாரத்தில் நட்டம் யாருக்கு? அன்றைக்கு விலை மலிவாக வந்தும் வேண்டாமல் விட்டவரையும் அப்படித்தான் பார்க்கவேணும். நாளைக்கு இந்த வீட்டில் இருப்போமா என்று தெரியாதவன், வளவுக்குள் அசையாமல் நிற்கிற ஒரு காரை எந்தத் துணிவில் வேண்டுவான்? வைத்திருந்து விலை ஏறுமட்டும் பார்த்திருக்க, கூரை நிரந்தரமாக இருக்கவேணும். லண்டனில் கராஜுக்குள் துணி போட்டு மூடி வைத்திருந்தவனுக்கு அது இருந்தது. எங்களுக்கு இருக்கேல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் ஓடித் தேய்ந்த கார்கூட வேண்டின விலையை விடக் கூட விலைக்குப் போனது. அந்த விலைகளைப் பார்த்துப் பழகின எங்கட கண்ணுக்கு, 2003இல் வித்த அப்பா ஏமாளியாகத் தெரிகிறார். இன்றைய விலையைக் கொண்டுபோய் அன்றைய நெருக்கடிக்குள் வைத்துக் கணக்குப் பார்க்கிற வேலையை நாங்கள் நிறுத்தவேணும்.

அப்ப கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நாங்கள் முன்னர் சொன்ன அந்தக் கைவேலைப்பாடு.

1990களின் தொடக்கத்தில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழில் ஒன்று நடந்தது. அதே காலத்தில் வடக்கில் ஒரு பிளக் வேண்ட வழியில்லை. இருந்தும் கார்கள் ஓடின. ரயர் றப்பரை வெட்டிப் புஷ் செய்தார்கள். கடைச்சல் பட்டறையில் இரும்பைக் கடைந்து பாகம் செய்தார்கள். காபரேற்றரை மண்ணெண்ணெய்க்குத் தோதாக மாற்றினார்கள். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த வால்வில் பிழை என்று சொன்னார்கள். இதை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் படிப்பிக்கவில்லை. தடை படிப்பிச்சது, கராஜ் மண் தரை படிப்பிச்சது. அந்த மெக்கானிக்மார் பலர் இன்றைக்கு எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கார் கொழும்பிலோ காலியிலோ யாரோ ஒரு சேகரிப்பாளரிடம் மினுங்கிக்கொண்டு நிற்கக்கூடும். காசிருந்தால் ஒரு நாள் திரும்ப வேண்டலாம். அந்த மனிசரின் கையில் இருக்கிற அறிவு போனால் போனதுதான், அதை எந்த ஏலத்திலும் எடுக்கேலாது.

ஒன்றைச் சேர்த்தே சொல்லவேணும். இதையெல்லாம் இனிப்பாக்கிச் சொல்வதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெய்ப் புகையை வருசக்கணக்கில் சுவாசித்தவர்கள் இருக்கிறார்கள். சீற் பெல்ற் இல்லாத கார்கள் அவை, பிறேக்கும் நம்பிக்கைக்குரியதில்லை. கார் வைத்திருந்த வீடு எது, அந்தக் காரை வேலியால் எட்டிப் பார்த்த வீடு எது என்கிற கேள்வியும் இருக்கிறது. "எங்கட வீட்டையும் ஒண்டு நிண்டது" என்று சொல்ல முடியாதவர்கள்தான் ஊரில் கூட. வாடகைக் கார் ஓடியவரும் திருத்தியவரும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பக்கத்தவர்கள். சொந்தக்காரரின் ஏக்கம் மட்டும் நினைவாக எஞ்சினால், காரை உண்மையில் உயிரோடு வைத்திருந்தவர்கள் கதையிலிருந்தே இறங்கிவிடுவார்கள்.

இன்றைக்குப் பழைய கார் திரும்ப மவுசுக்கு வந்திருக்கிறது. கலியாணப் படப்பிடிப்புக்கு நாள் வாடகைக்கு எடுக்கிறோம், பொன்னெற்றில் சாய்ந்து படம் எடுக்கிறோம். எடுங்கோ, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வடிவான கார்தான். ஆனால் படம் எடுத்து முடிய, அதைக் கொண்டுவந்த டிறைவர் ஐயாவோடு பத்து நிமிசம் கதையுங்கோ. இது எந்த வருசக் கார், எவர் எவர் கை மாறினது, தொண்ணூறுகளில் என்ன ஊத்தி ஓடினது, ஆரை ஏத்தினது என்று கேளுங்கோ. போனில் பதிவு செய்யுங்கோ. ஊருக்குள் இன்னும் திறந்திருக்கிற பழைய கராஜ் ஒன்றுக்குப் போய், அந்தக் கம்பியால் எஞ்சின் எழுப்புவதை ஒருக்கா வீடியோவாக எடுத்து வையுங்கோ. வீட்டு அலுமாரிக்குள் பழைய பதிவுப் புத்தகமோ, காருக்கு முன்னால் நின்று எடுத்த படமோ கிடந்தால், இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.

வீட்டிலும் கேள்வியை மாத்துவம். "ஏன் வித்தனீங்கள்?" என்று கேட்டால் அப்பா சிரித்துவிட்டு எழும்பிப் போவார். "வித்த காசில என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கோ. அவர் இருந்து கதைப்பார். அந்தக் கதை கொஞ்ச நேரத்தில் முடியாது.