அலுமாரித் திறப்பு யார் கையில்?

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமாகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதியைக் காரணங்காட்டி ஒரு பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க மறுப்பது அன்றுதொட்டுக் குற்றமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் தனிச்சிங்களச் சட்டம் எம்மீது சுமத்தப்பட்டிருந்தது. 1956 இல் நாம் பிறரிடம் நியாயங் கேட்டு நின்றோம். 1957 இல் எம்முள்ளேயே ஒரு பகுதியினர் எம்மிடம் நியாயங் கேட்டு நின்றனர். இரண்டும் ஒரே வழக்கென்பதை ஒப்புக்கொள்ள எம்மிற் பலருக்கு நெடுங்காலம் பிடித்தது.

சட்டம் பாடசாலைப் படலையைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையை ஆசிரியர் எந்தக் கண்ணோடு நோக்குகிறார், பக்கத்து வாங்கில் இருப்பவன் என்ன சொல்லிப் பழிக்கிறான் என்பனவற்றுக்கு எந்தப் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பது? சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நாமே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

1927 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த டொமினிக் ஜீவாவுக்கு அச்சட்டம் முப்பது ஆண்டுகள் பிந்தியே வந்தது. ஆசிரியரொருவரின் சாதி இழிசொல்லைப் பொறுக்கமாட்டாது சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர் அவர். குடும்பத் தொழிலாகிய முடிதிருத்தலுக்குச் சென்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்த வேளையிலெல்லாம் பத்திரிகையையும் புத்தகத்தையும் கையில் எடுத்தார். அந்தச் சவரச்சாலையே தமது சர்வகலாசாலை என்று பின்னாளில் அவர் தலைநிமிர்ந்து சொன்னார். 1960 இல் வெளிவந்த அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை, போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்டபோதும், ஏறத்தாழ நானூறு இதழ்களைக் கண்டது. அவ்விதழைத் தாமே சுமந்து யாழ்ப்பாணத் தெருக்களில் விற்றார். வகுப்பறையிலே ஒரு சிறுவனை இழித்துரைத்த சமூகம், அவனுடைய பத்திரிகையிலே தன் பெயர் வராதா என்று காத்திருக்க நேர்ந்தது.

வாசிப்பு அவருக்குக் கொடுத்தது யாது? தாம் பட்ட இழிவு தலைவிதியன்று, மனிதர் செய்த ஏற்பாடு என்ற அறிவையும், அதை எடுத்துரைக்கும் சொல்லையும் கொடுத்தது. தன் ஒழுங்கைக்கு அப்பாலும் உலகமுண்டு, வேறு மனிதர் வேறு விதமாக வாழ்கின்றனர் என்று கண்ட பிள்ளையை அடக்கிவைத்தல் எளிதன்று.

எனினும் அவரை உதாரணங்காட்டி நாம் ஆறுதல் கொள்ளலாகாது. இவ்வாறு பள்ளியை விட்டுத் துரத்தப்பட்ட ஏனைய பிள்ளைகள் எத்தனை பேர்? கையிலே புத்தகம் அகப்படாத அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அகப்படுவதும் அகப்படாததும் பிள்ளையின் அதிர்ஷ்டமாக விடப்படலாமா என்பதே எமது வினா.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாயின. நல்லதே. ஆயினும் பாடநூலைப் பரீட்சைக்காகப் படித்த பிள்ளை, பரீட்சை முடிந்த மறுநாளே அதை மூலையிற் போடுகிறது. கதைநூலை எவரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. தோட்டத்துக்கு இறைத்து வாழும் குடும்பத்திலே, உரத்துக்கும் கூலிக்கும் போக மிஞ்சும் பணத்திற் புத்தகம் வாங்கு என்று யார் சொல்லமுடியும்? அப்பிள்ளைக்கு உள்ள ஒரே வழி ஊர் வாசிகசாலை.

அந்த வாசிகசாலைகளின் நிலை என்ன? நாம் சென்ற கிராமங்கள் பலவற்றிலே கண்டது இதுதான்: மேசையிலே அன்றைய பத்திரிகைகள், அவற்றைச் சுற்றிப் பெரியவர்கள், சுவரோரமாக ஓர் அலுமாரி. அதன் திறப்பு, அங்கில்லாத ஒருவரின் வீட்டிலே! நூல்களை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டால், கிழித்துவிடுவார்கள் என்கிறார்கள். சில இடங்களில், “எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியுமா?” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறார்கள். அந்த ‘எல்லா’ என்ற சொல்லின் கருத்து எமக்கு விளங்காமலில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 நூல்கள் எரியூட்டப்பட்டமையை ஆண்டுதோறும் நினைந்து வருந்துகிறோம். வருந்தவே வேண்டும். அந்தத் தீயை மூட்டியவர் பிறர். இந்த அலுமாரிகளைப் பூட்டியவர் யார்?

வாசிகசாலைகளின் அடுத்த பொதுக்கூட்டங்களுக்குச் செல்லும் கமக்காரரும் ஆசிரியரும் நியாயவாதிகளும் வைத்தியரும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரும்படி கேட்கிறோம். பள்ளி விட்டபின், தோட்டவேலை முடிந்து பிள்ளைகள் வரக்கூடிய மாலை வேளையில் அலுமாரி திறந்திருக்கவேண்டும். ஊரிலுள்ள எந்தப் பிள்ளையும் தன் பெயரை எழுதிவைத்து ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கிழிந்த நூலுக்கு அப்பிள்ளையிடம் தண்டம் அறவிடலாகாது. பதிவேட்டிலே பிள்ளையின் பெயரும் நூலின் பெயரும் திகதியும் போதும். தகப்பனின் பெயருக்கும் தொழிலுக்கும் அங்கே நிரல் வேண்டியதில்லை.