திரையில் பாதி, கரையில் மீதி

பூமியைப் பற்றிப் படிக்க வடக்கு அந்தமானின் திக்லிபூரைவிட வசதியான ஊர் நாட்டில் அதிகம் இருக்காது. அந்தமானிலேயே உயரமான 732 மீட்டர் சேடில் பீக் சிகரம் பக்கத்தில். சியாம் நகரில் சேற்று எரிமலைகள். ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல் திட்டோ கடல் வற்றும்போது பாதையாகும், பெருகும்போது மறைந்துவிடும். நிலவின் ஈர்ப்பு சக்திக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் ஏது?

இப்படிப்பட்ட ஊரின் பள்ளிக்கு வீடியோ கேம் எதற்கு என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து வடக்கு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் பூமி பிளந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்து, பவழப் பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. தெற்கே போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நிலம் தாழ்ந்து கடல் உள்ளே புகுந்தது. ஒரே பூகம்பம் ஓரிடத்தைத் தூக்கி, இன்னோரிடத்தை அமுக்கியது ஏன்? சிக்கியிருந்த புவித்தட்டு விடுபடும்போது அதன் விளிம்பு துள்ளி எழுகிறது, பின்பகுதி தாழ்கிறது. கரும்பலகையில் இதை விளக்க ஆசிரியர் திணற வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டைத் தானே நகர்த்திப் பார்க்கும் மாணவனுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஐ.நா.வின் பேரிடர் குறைப்பு அமைப்பு 2007இல் வெளியிட்ட 'ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்' இன்னொரு வகை. குறிப்பிட்ட பணம், குறிப்பிட்ட நேரம். அதற்குள் கரையோரக் கிராமத்தைச் சுனாமிக்குத் தயார்படுத்த வேண்டும். பள்ளியைத் தவறான இடத்தில் கட்டினால் விளைவு திரையில் தெரியும். அங்கே தோற்றால் யாரும் சாவதில்லை என்பதே அதன் பலம்.

பலவீனமும் அதுதான். 2004இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் தண்ணீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து ஆபத்தை உணர்ந்தவள் 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. அவள் பெற்றோரை எச்சரிக்க, கரையிலிருந்த பலர் உயிர் தப்பினர். அவளுக்குக் கைகொடுத்தது விளையாட்டு அல்ல, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் கேட்ட புவியியல் பாடம். படித்ததைக் கடலில் அடையாளம் கண்டுகொண்டாள், அவ்வளவுதான்.

எந்த விளையாட்டையும் எடைபோட இதுவே சரியான அளவுகோல். மதிப்பெண் எத்தனை என்பது முக்கியமல்ல. கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடாமல் மேட்டை நோக்கி ஓடத் தோன்றுமா என்பதே கேள்வி. இன்று திக்லிபூர் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தக் காலைப்பொழுது அவர்களுக்குப் பெரியவர்கள் சொன்ன கதை மட்டுமே.

எனவே கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் பாடம் தொடர வேண்டும். ஆசிரியர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், அங்கிருந்து பக்கத்து மேட்டுக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை.