ஊசி இல்லாத நாள் வருமா?

ஊற வைத்த சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். நடுவே கறுப்பு விதை. சுற்றிலும் கண்ணாடி போன்ற கூழ். இப்படி ஒரு கூழ் மணியைக் கொண்டு சர்க்கரை வியாதியை அடக்க முடியுமா? விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள்.

சர்க்கரை வியாதி பெரியவர்களுக்கு மட்டும் வருவது அல்ல. ஒரு வகை சிறு குழந்தைகளுக்கும் வருகிறது. வயிற்றில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள சில உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரையை அளவோடு வைப்பது இன்சுலின்தான். உடலைக் காக்க வேண்டிய காவல் படையே தவறாக அந்த உயிரணுக்களை அழித்துவிடுகிறது. பிறகு அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் ஊசிதான்.

வேறு உயிரணுக்களை உடலுக்குள் வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் காவல் படை அவற்றையும் விடாது. மருந்து கொடுத்து அந்தப் படையை அடக்கினால், நோய்க் கிருமிகள் எளிதில் தாக்கும்.

இதற்கு ஒரு வழிதான் கூழ் மணி.

பழுப்புக் கடல்பாசியில் இருந்து அல்ஜினேட் என்ற பொருளை எடுக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையிலும் இந்தப் பாசி கிடைக்கிறது. அல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்து, அதில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைக் கலக்கிறார்கள். மெல்லிய ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கீழே கால்சியம் உப்புக் கரைசல் இருக்கும். அதில் விழுந்த சொட்டு உறைந்து மணியாகிவிடும்.

மணி ஒரு சல்லடை போன்றது. பிராணவாயுவும் சர்க்கரையும் உள்ளே போகும். இன்சுலின் வெளியே வரும். காவல் படை நுழைய முடியாது!

1980-ம் ஆண்டில் லிம், சன் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த முறையை எலிகளிடம் சோதித்தார்கள். 2, 3 வாரங்கள் வியாதி அடங்கியது. ஆனால் இத்தகைய மணிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. உடல் அவற்றைச் சுற்றித் தழும்பு போன்ற சதையை வளர்த்து மூடிவிடும். உள்ளே உயிரணுக்கள் பிராணவாயு இன்றிச் சாகும்.

2015-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக விஞ்ஞானிகள் ஒரு புது உண்மையைக் கண்டார்கள். மணி மிகவும் சிறியதாக இருந்தால் நல்லதல்ல! அரை மில்லிமீட்டர் மணியை உடல் மூடியது. ஒன்றரை மில்லிமீட்டர் மணியை, அதாவது கடுகு அளவு மணியை, அவ்வளவாக மூடவில்லை. சுண்டெலிகளிடம் அது 180 நாட்கள் வரை வேலை செய்தது. சிறிய மணியைப்போல் 5 மடங்கு காலம்!

இந்த ஓர் உண்மை தெரிய 35 ஆண்டுகள் ஆயின. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அதைவிடப் பொறுமை வேண்டும்.

பெற்றோருக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலிப்பது இல்லை. கூழ் மணி இன்னும் ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சை ஆகவில்லை. "ஊசியே வேண்டாம், குணமாக்கித் தருகிறோம்" என்று ஆசை காட்டுவோரை நம்பி, குழந்தைக்குப் போடும் ஊசியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. 1922-ல்தான் இன்சுலின் ஊசி முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதற்கு முன் இந்த வியாதி வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது.

கடுகு அளவு மணி ஒருநாள் ஊசிக்கு விடை கொடுக்கலாம். அந்த நாள் வரும்வரை ஊசியே குழந்தையின் உயிர்த் துணை.