எங்கள் வீட்டுப் பத்துப்பாட்டு

ஜனவரி வந்தால் ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூட லீவு, கொளுத்துகிற வெயில், கிரிக்கெட், பெட்டி பெட்டியாக மாம்பழம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் இதோடு இன்னுமொன்று: டிரிபிள் ஜே வானொலியின் 'ஹொட்டஸ்ட் 100' வாக்கெடுப்புக்கு எந்தப் பத்துப் பாட்டைப் போடுவது என்ற தலையிடி.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டிரிபிள் ஜே என்பது இங்கத்தைய அரச ஒலிபரப்பான ஏ.பி.சி.யின் இளைஞர் அலைவரிசை. 1989இல் இந்த வாக்கெடுப்பைத் தொடங்கினார்கள். முதலில் எந்தக் காலத்துப் பாட்டுக்கும் போடலாம் என்று இருந்தது. 1993இலிருந்து அந்தந்த வருடம் வந்த பாட்டுகளுக்கு மட்டும். ஆளுக்குப் பத்து. பத்துக்கும் ஒரே மதிப்புத்தான், முதலாவது, இரண்டாவது என்றெல்லாம் இல்லை. பிறகு ஜனவரி நாலாவது வார இறுதியில், சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி நூறிலிருந்து ஒன்று வரை போட்டுக்கொண்டே வருவார்கள். (முன்பு இது ஜனவரி 26இல் நடந்தது. அது பூர்வகுடி மக்களுக்குத் துக்க நாள் என்பதால் 2018இல் நாளை மாற்றினார்கள்.) சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். 2019ஆம் ஆண்டுப் பாட்டுகளுக்கு மட்டும் 32 இலட்சத்துக்கும் மேலே வாக்குகள் விழுந்தன.

எங்கள் மூத்தவளுக்குப் பதினைந்து வயது. டிசம்பரில் வாக்களிப்புத் திறந்த அன்றே அவளிடம் நாற்பத்திமூன்று பாட்டு இருந்தது. அதைப் பத்தாகக் குறைக்க மூன்று கிழமை எடுத்தாள். ஒரே பாடகியின் பாட்டு நாலு வந்துவிட்டதே, அது நியாயமா? எப்படியும் முன்னுக்கு வரப்போகிற பாட்டுக்கு என் வாக்கு எதற்கு, பின்னால் தத்தளிக்கிற பாட்டுக்குப் போட்டால் பிரயோசனமா? மார்ச்சில் பைத்தியமாகக் கேட்ட பாட்டு டிசம்பரில் அலுத்துவிட்டது, அதை விடுவதா? சாப்பாட்டு மேசையில் தினமும் இதே வழக்கு. தகப்பன் தீர்ப்புச் சொல்லப் பார்த்தார். அவருடைய காதில் விழுந்த கடைசிப் புதுப் பாட்டு எந்த வருடத்தையது என்று அவள் கேட்க, அதோடு எழும்பிப் போய்விட்டார். பாவம் மனிசன். போன ஜூலையில் ஆஸ்திரேலியப் பாட்டுகளுக்கென்று தனியாக ஒரு ஹொட்டஸ்ட் 100 வைத்தபோது, பத்தாம் வகுப்பில் கேட்ட பாட்டையெல்லாம் தேடிப் போட்டவர் அவர்தான். அதில் முதலாவதாக வந்ததும் 1980களின் ஐ.என்.எக்ஸ்.எஸ். பாட்டு. அவருடைய வயதுக்காரர் எத்தனை பேர் ரகசியமாக வாக்குப் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு மறக்க முடியாத வருடம் 2021. அந்த வருடத்து முதலிடம் யாருக்கு? 'தி விகிள்ஸ்'. ஆம், மஞ்சள், ஊதா, சிவப்பு, நீலம் என்று சட்டை போட்டுக்கொண்டு குழந்தைகளுக்குப் பாடுகிற அதே விகிள்ஸ்தான். டேம் இம்பாலாவின் 'எலிஃபன்ட்' பாட்டை அவர்கள் டிரிபிள் ஜே நிகழ்ச்சி ஒன்றில் தங்கள் பாணியில் பாடினார்கள், அது நூறு பாட்டையும் தாண்டி மேலே போய்விட்டது. வாக்குப் போட்டவர்களில் அரைவாசிப் பேராவது மூன்று வயதில் அவர்களுடைய பாட்டுக்கு வரவேற்பறையில் குதித்தவர்களாகத்தான் இருக்கவேண்டும். நானும் அப்படிக் குதித்த பிள்ளைகளுக்குப் பின்னால் சோற்றுக் கிண்ணத்தோடு ஓடினவள். சின்ன வயதில் காதில் விழுந்தது எங்கே போகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மெல்பேர்ன் மாமா ஒரு செய்தி போட்டார். "எல்லாப் பிள்ளையளும் பத்தில ஒண்டாவது தமிழ்ப் பாட்டாப் போடுங்கோ. நாங்களும் இஞ்ச இருக்கிறம் எண்டு அவைக்குத் தெரியட்டும்." பட்டியலில் இல்லாத பாட்டையும் எழுதிச் சேர்க்க வாக்குச்சீட்டில் இடம் உண்டு, ஆகவே முடியாத காரியம் இல்லை. உடனே இருபது கைதட்டல். மூத்தவள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, கட்டாயம் போடவேணுமோ?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் மாமா சொன்ன மாதிரி ஒரு வாக்கெடுப்பு ஏற்கெனவே நடந்தது, அதில் நானும் வாக்குப் போட்டவள். 2002. பி.பி.சி. உலக சேவைக்கு 70 வயது. உலகத்தின் முதல் பத்துப் பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டார்கள். 155 நாடுகளிலிருந்து வாக்குகள் போயின. நான் அப்போது கம்பஸில். கொம்பியூட்டர் அறையில் மின்னஞ்சலைத் திறந்தால் ஒரே விஷயம் பத்துப் பேரிடமிருந்து வந்து கிடக்கும்: தமிழ்ப் பாட்டுக்குப் போடு, இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பு.

முடிவு வந்தபோது முதலிடம் அயர்லாந்தின் 'வுல்ஃப் டோன்ஸ்' பாடிய விடுதலைப் பாட்டு. அவர்களுக்கும் மின்னஞ்சல் படை இருந்தது. இரண்டாவது 'ஆனந்த் மத்' படத்து வந்தே மாதரம். மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. இந்தியாவும் பாகிஸ்தானும் இங்கேயும் பக்கத்தில் பக்கத்தில்! நாலாவது எங்கள் இளையராஜாவின் 'ராக்கம்மா கையைத் தட்டு'. ஐந்தாவது திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஷேருக்கு எட்டாவது இடம், குயீனின் 'பொஹீமியன் ராப்சடி'க்குப் பத்தாவது. அடுத்த நாள் கம்பஸில் வெள்ளைக்காரச் சிநேகிதி ஒருத்தி இந்த நாலும் ஐந்தும் என்னவென்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்தப் பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால், மேலே இருப்பவற்றில் பாதி கொடி பிடித்த பாட்டு. பாட்டைக் கேட்டு ரசித்துப் போட்ட வாக்கு எத்தனை, எங்கள் ஆட்கள் தோற்கக்கூடாது என்று போட்ட வாக்கு எத்தனை என்று பிரிக்கவே முடியாது. ராக்கம்மா கொடிப் பாட்டு இல்லை. 1991இல் 'தளபதி'யில் எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும் பாடியது, வாலி எழுதியது. ஆட்டத்துக்கு நடுவில் அப்பர் தேவாரம் வந்து நிற்கும், திரும்பவும் ஆட்டம் பிடிக்கும். நான் அதற்குத்தான் போட்டேன். சிட்னியில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் அதைப் போடாமல் கேக் வெட்டினது கிடையாது.

அம்மா என்னிடம் போடச் சொன்னது ஐந்தாவது பாட்டுக்கு. ஊரைவிட்டு நடக்கிற குழந்தைகளைப் பற்றிய பாட்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த சனத்தோடு என் பெரியம்மாவும் நடந்தவ, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக. அம்மா அப்போது சிட்னியில், ஒரு தகவலும் வராமல் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தவ. அவவைப் போய் நீங்கள் கொடிக்குப் போடுகிறீர்களா, பாட்டுக்குப் போடுகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வராது. அவவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் மகளுக்கு அப்படி இல்லை. மாமாவின் செய்தியில் எனக்கு இடறினது அதுதான். பிள்ளை உண்மையாக ரசித்த ஒன்பதும் இங்கிலீஷ் பாட்டு, பத்தாவது மட்டும் வரி கட்டுவது போல ஒரு தமிழ்ப் பாட்டு என்றால், அந்தப் பத்தாவதைத் திரும்பி ஒருநாள் கேட்பாளா? அதோடு, வாக்கெடுப்பில் படை திரட்டுவது இங்கே செல்லுபடியாகாமலும் போகலாம். 2015 ஜனவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டுக்கு ஊரே சேர்ந்து பகிடிக்கு வாக்குக் குவித்தது, ஒரு பொரித்த கோழிக் கடையும் அதை விளம்பரமாக்கியது. நிலையம் அந்தப் பாட்டையே போட்டியிலிருந்து நீக்கிவிட்டது.

"மாமாவுக்காகப் போடாதை. உனக்குப் பிடிச்சது எண்டால் போடு," என்றேன்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தன் கதையைத் தொடங்கினா. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம். தபாலட்டையில் பாட்டின் பெயர், படத்தின் பெயர், பிறகு வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரும், ஊரின் பெயரோடு. பாட்டைவிடப் பெயர் வாசிப்பதைத்தான் காத்திருந்து கேட்பார்களாம். ஒருமுறை அம்மாவின் பெயரை வாசித்தபோது ஒழுங்கையில் நாலு வீட்டிலிருந்து ஓடிவந்து சொன்னார்களாம். எந்தப் பாட்டு என்று சின்னவன் கேட்டான். அதை அவ மறந்துபோனா.

"இதில பேர் வாசிக்க மாட்டினமோ?" என்று அம்மா கேட்டா. அத்தனை பெயரை எப்படி அம்மம்மா வாசிக்கிறது என்று மகள் சிரித்தாள். பேர் வாசிக்காட்டி ஏன் போடுறியள் என்பது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

கடைசி நாள் இரவு பட்டியல் போனது. எட்டு இங்கிலீஷ் பாட்டு, ஒரு கொரியப் பாட்டு, பிறகு எழுதிச் சேர்த்த பாட்டு ஒன்று: 'ரெட்ரோ' படத்து 'கனிமா'. சந்தோஷ் நாராயணனின் பாட்டு. மாமாவுக்காகத்தானோ என்று எனக்கு ஒரு ஐமிச்சம். கேட்டேன்.

"இல்லை அம்மா. அக்கான்ர கலியாணத்துக்கு நாங்கள் ஆறு பேர் ரெண்டு மாதம் அந்த ஸ்டெப் பழகினனாங்கள். காரிலயும் அதுதான் ஓடினது. அதைப் போடாட்டி என்ர வருசமே இல்லை."

அவளுக்கு அந்தப் பாட்டின் வரிகளில் கால்வாசி விளங்குமா என்பது சந்தேகம். சொல்லிக் கொடுக்கப் போனால் "பிறகு அம்மா" என்பாள். பரவாயில்லை, பாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது, வரிகள் ஆறுதலாக வரட்டும்.

வரும் சனிக்கிழமை மத்தியானம் குசினியில் வானொலி ஓடும். அம்மா வடைக்கு உழுந்து ஊறப்போடுகிறேன் என்றிருக்கிறா, எட்டு மணித்தியாலம் சும்மா இருந்து பாட்டுக் கேட்க அவவால் முடியாது. 'கனிமா' நூறுக்குள் வராது என்று மகளுக்கும் தெரியும். அடுத்த நாள் 200இலிருந்து 101 வரை போடுவார்கள், அதிலும் வராது. மாமாவுக்குத்தான் இன்னும் பதில் போடவில்லை.