தாழியும் திரையும்

நுழையும்முன்

வரலாறு என்பது முடிந்துபோன கதை அன்று. சான்றுகளைக் கொண்டு மீட்டெடுக்கப்படும் அறிவு. அவ்வறிவைத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் கொண்டுசேர்ப்பதில் தொழில்நுட்பத்திற்கு உரிய இடம் எது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஆறும் வரலாறும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கிச் சமவெளியை அடைகிறது. அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைக்கு ஆறு என்பது நீராடும் இடம். வரலாறு என்பது மனனம் செய்ய வேண்டிய அரசர் பெயர்கள். தான் நீராடும் ஆற்றுக்கும் வரலாறு உண்டு என்பதை அக்குழந்தைக்கு உணர்த்துவதே தொடக்கநிலை வரலாற்றுக் கல்வியின் முதற்பணி.

இப்பணிக்குத் தொழில்நுட்பம் இன்று துணைநிற்கிறது. தமிழகத்தில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019ஆம் ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. இவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே வினா.

திரையின் வலிமை

எட்டு வயதுக் குழந்தைக்குத் தாத்தாவின் இளமைக்காலமும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலமும் ஏறத்தாழ ஒன்றே. விரலால் நகர்த்தக்கூடிய காலக்கோட்டைத் திரையில் காட்டினால், அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு கண்ணுக்குப் புலனாகும். இடத்தின் தொலைவையும் திரை குறைக்கும். இதே ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு அகழ்ந்த ஜெர்மானியர் ஜாகோர், கண்டெடுத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அத்தகைய பொருள்களைப் பாபநாசத்துக் குழந்தை நேரில் காண்பது அரிது. முப்பரிமாணப் படமாக்கினால் திரையில் சுழற்றிப் பார்க்கலாம்.

திரையின் எல்லை

தாமிரபரணிப் படுகையிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல்மணிகள், கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தாழி கிடைத்தது, நெல் கிடைத்தது. அந்நெல்லை இட்டவரின் முகமோ பேச்சோ கிடைக்கவில்லை. அசைவூட்டப் படமோ, கிடைத்ததையும் கற்பனையையும் ஒரே ஒளியில் காட்டிவிடுகிறது. கண்டதையெல்லாம் மெய்யெனக் கொள்ளும் பருவத்தினர் குழந்தைகள். எனவே, எது கிடைத்தது, எது ஊகிக்கப்பட்டது என்பதை வேறுபடுத்திக் காட்டாத மென்பொருள், எத்துணை அழகுடையதாயினும் வரலாற்றைக் கற்பிப்பதாகாது.

சான்றாராய்ச்சி உயர்கல்விக்கு உரியது, குழந்தைக்குக் கதையே போதும் என்பர் சிலர். ஆனால், எதைச் சொன்னாலும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பது குழந்தையின் இயல்பு. வரலாற்றறிஞரின் வினாவும் அதுவே. அவ்வினாவை அடக்காமல் வளர்ப்பதே கல்வி.

முதலில் ஆறு, பின்னர்த் திரை

பாபநாசத்தில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் முதலாவதான கோடைமேலழகியான் அருகிலேயே உள்ளது. அவ்வெட்டனுள் ஏழு, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. ஆற்றுநீரின் விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய நூற்பாலையும், 1944ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமும் இவ்வட்டாரத்தின் வாழ்வை மாற்றின. குழந்தைகள் முதலில் அணைக்கட்டைக் காணட்டும். ஆலையில் உழைத்த முதியவரிடம் வினவட்டும். அவர் கூறுவதைத் திறன்பேசியில் பதிவு செய்யட்டும். அதன்பின் திரையிலுள்ள வரைபடத்தில் அவ்விடங்களைக் குறிக்கட்டும். அப்போது தொழில்நுட்பம், காட்சியைக் கண்டு அமர்ந்திருக்கும் குழந்தையைச் சான்று தேடும் குழந்தையாக மாற்றும்.

இவ்வரிசையால் மற்றொரு நன்மையும் உண்டு. மின்சாரம் தடைப்பட்டாலும் இணையம் கிடைக்காவிட்டாலும் வரலாற்று வகுப்பு நின்றுவிடாது. கருவிகள் நிறைந்த பள்ளிக்கும் கருவிகளற்ற மலையடிவாரப் பள்ளிக்கும் ஆறு பொதுவானது. திரை காட்டுவதை ஐயுற்று வினவவும், ஆற்றங்கரையில் விடை தேடவும் வழிகாட்டும் ஆசிரியரே இரு பள்ளிகளுக்கும் இன்றியமையாதவர்.