அணைந்தால் பழுது என்று அர்த்தமா?

கம்ப்யூட்டர் இதழில் வாக்வம் கிளீனருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் லேப்டாப்புக்கும் இதில் பாடம் இருக்கிறது.

செங்கல்பட்டில் இருக்கும் நான், சென்ற மாதம் மாமல்லபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கார்ட்லெஸ் வாக்வம் கிளீனர், ஸ்விட்சைப் போட்டால் பத்து விநாடி ஓடி நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு மின்னுகிறது. வாரண்டியும் முடிந்துவிட்டது. "பேட்டரி போச்சு, புதுசு போடணும்" என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாராம் சர்வீஸ்காரர். விலையோ கிளீனர் விலையில் பாதி! "பேசாம துடைப்பத்துக்கே போயிடறேன்டா தம்பி" என்றார் அக்கா.

பில்டரைக் கழற்றிப் பார்த்தேன். பக்கத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து வந்து படியும் கல் மாவு, அதை அப்படியே அடைத்திருந்தது. காற்றுக்கு வழியில்லை. பெரும்பாலான மாடல்களில் மோட்டாரைக் குளிர வைப்பதும் அந்தக் காற்றுதான். அது தடைபட்டால் மோட்டார் எரியாமல் இருக்க, உள்ளே உள்ள சர்க்யூட் மின்சாரத்தை நிறுத்திவிடும். என்னைக் கேட்டால் இது பழுதே இல்லை, பாதுகாப்பு. இதை எளிய தமிழில் விளக்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு விளக்கைக் காட்டும் கம்பெனிகள் மேல்தான் என் வருத்தம்.

எனவே எப்போது நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஆன் செய்த சில விநாடிகளில் நின்றால் பில்டரையும் குழாயையும் பாருங்கள். தரைவிரிப்பில் வைத்ததும் நின்றால் பிரஷ் உருளையில் முடி சுற்றியிருக்கும். சில நிமிடம் ஓடி, உடல் சூடாகி நின்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சார்ஜ் ஏறும் முனைகளையும் துணியால் துடையுங்கள். உப்புக் காற்று அங்கே பாசி பிடித்தது போல் படியும். எல்லாம் சுத்தமாக இருந்தும், முழு சார்ஜில் சீக்கிரமே நின்றால் மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

அப்போதும் மலிவு விலைப் பேட்டரி வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரிக்குள் பாதுகாப்பு சர்க்யூட் சரியாக இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பழையதைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இனி லேப்டாப்புக்கு வருவோம். வேலை செய்யும்போதே திடீரென்று அணைகிறதா? உடனே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். முதலில் விசிறியின் காற்று வழியில் தூசு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக வாக்வம் கிளீனரையே உள்ளே நுழைக்காதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடலாம்.

அக்காவின் பில்டர் கழுவக்கூடிய வகை. கழுவி நிழலில் போட்டோம். கடற்காற்றின் ஈரத்தில் காய இரண்டு நாள் பிடித்தது. மாட்டியதும் நிற்காமல் ஓடியது. செலவு, ஒரு பக்கெட் தண்ணீர்!