ஏற்றுமதி மல்லாட்டைக்கு ஜாதகம், நம்மூரு கடலை மிட்டாய்க்கு பட்டை நாமம்

எங்க ஊரு கோலியனூர் கூட்டுரோட்டுல ஒரு பெட்டிக்கடையில கடலை மிட்டாய் வாங்கறீங்கன்னு வெச்சுக்குவோம். அதுல இருக்கற மல்லாட்டை (நிலக்கடலைதாங்க, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) எங்க விளைஞ்சது, எந்த மில்லுல உடைச்சது, பூஞ்சை நஞ்சு இருக்கான்னு யாராச்சும் சோதிச்சாங்களா? உங்களுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. ரேப்பர்லயும் இருக்காது.

இத்தனைக்கும் இது மல்லாட்டை பூமி. திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. டி.எம்.வி. 7 மாதிரியான ரகங்கள் எல்லாம் அங்க வந்ததுதான், அந்த டி.எம்.வி.யே திண்டிவனம்தான்.

இதே மல்லாட்டை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினா கதையே வேற. மத்திய அரசோட அபேடா அதுக்குன்னே 'பீனட்.நெட்'னு ஒரு இணைய மென்பொருள் வெச்சிருக்கு. எந்த ஆலையில உடைச்சுத் தரம் பிரிச்சாங்க, எந்த ஆய்வகம் அஃப்ளடாக்சின் சோதிச்சுதுன்னு லாட் வாரியா பதிவாகணும். அஃப்ளடாக்சின் சாதாரண சமாச்சாரம் இல்லை. ஈரத்துல பூஞ்சை பிடிச்ச கடலையில வர்ற நஞ்சு, ஈரல் புற்றுநோய் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். நேரடியா சாப்பிடற கடலையில கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம்தான் அதிகபட்சம்னு ஐரோப்பாக்காரன் கறாரா இருக்கான். திராட்சைக்கு 'கிரேப்நெட்'. அதுல தோட்டம் வரைக்கும் போய்ப் பாக்கலாம்.

ஆக, நம்மாளுங்களுக்கு இதைச் செய்யத் தெரியாதுன்னு யாரும் கதை விட முடியாது. வெள்ளைக்காரன் கேட்டான், செஞ்சோம். நாம கேக்கலை, செய்யலை. அவன் ஈரல் வேற, கோலியனூர்க்காரன் ஈரல் வேறயா?

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2020ஆம் வருஷத்து லேபிள் விதிகளைப் படிச்சுப் பாருங்க. மேல்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பொட்டலத்துல சேர்மானப் பட்டியலும் போட வேணாம், தொகுதி எண்ணும் (அதாங்க பேட்ச் நம்பர்) போட வேணாம். மொத்தமா வர்ற பெரிய பெட்டியில போட்டா போதும். அந்தப் பெட்டி கடைக்காரர்கிட்ட இருக்கும். ஒத்தை மிட்டாய் வாங்கற பள்ளிக்கூடத்துப் புள்ள கையில என்ன இருக்கும்? வெறும் காகிதம்.

2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 28ஆம் பிரிவு, கெட்ட சரக்குன்னு தெரிஞ்சா கம்பெனியே திரும்பப் பெறணும்ங்குது. நல்ல விஷயம். ஆனா தொகுதி எண்ணே இல்லாத மிட்டாயை எதை வெச்சுங்க திரும்பக் கூப்பிடுவாங்க?

அடுத்து மொழி. லேபிள் ஆங்கிலத்துலயோ இந்தியிலயோ இருக்கணும். வேற மொழி கூடுதலா போட்டுக்கலாம், கட்டாயம் கிடையாது. சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பினா 'ஐ.என்.எஸ். 631'னு இருக்கும். இது மீன்ல இருந்தும் இறைச்சியில இருந்தும் எடுக்கப்படற பொருள், வேற வழியிலயும் செய்யலாம். வெறும் குறியீட்டு எண் போட்டா பத்தாது, தாவரமா விலங்கா ஆய்வகத்துல செஞ்சதாங்கறதையும் சொல்லணும்னு 2021 டிசம்பர்ல டெல்லி உயர்நீதிமன்றமே சொல்லியாச்சு. எனக்கு இதுல சைவம் அசைவம்ங்கற பிரச்சினை இல்லை. எதைத் திங்கறோம்ங்கறது எங்க ஆயாவுக்கும் தமிழ்ல தெரியணும், அவ்ளோதான்.

"பிளாக்செயின் வெச்சு எல்லாத்தையும் பண்ணிடலாம்"னு நம்ம துறை ஆளுங்க கிளம்புவாங்க. வேணாம் சாமி. முதல்ல ஏத்தற தகவலே பொய்யா இருந்தா, பிளாக்செயின் அந்தப் பொய்யைத்தான் பத்திரமா காப்பாத்தும். தேவை ஒரு சாதாரண டேபிள். தொகுதி எண், மூலப்பொருள் வந்த இடம், ஆலை, சோதனை முடிவு. பெரிய கம்பெனிகள்ல இதெல்லாம் உள்ளுக்குள்ள ஏற்கெனவே இருக்கு. நமக்குக் காட்டறதில்லை. கடையில பீப் அடிக்கற 13 இலக்க பார்கோடுல என்ன பொருள்னு மட்டும்தான் தெரியும், எந்தத் தொகுதின்னு தெரியாது.

மருந்துக்கு வழி பண்ணியாச்சே! 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 300 மருந்து பிராண்டுகள்ல கியூ.ஆர். குறியீடோ பார்கோடோ கட்டாயம். தொகுதி எண், தயாரிச்ச கம்பெனி, காலாவதி எல்லாம் அதுல வரும். மாத்திரைக்கு முடிஞ்சது மிட்டாய்க்கு முடியாதா?

"கிராமத்துல யாரு ஸ்கேன் பண்ணுவா?"ன்னு கேக்கறவங்க, கூட்டுரோட்டு டீக்கடையில காசு எப்படிக் குடுக்கறாங்கன்னு வந்து பாருங்க. நூறு பேர்ல ஒருத்தர் பாத்தாலே போதும், தப்பு வெளிய வந்துடும். "குடிசைத் தொழில் நசிஞ்சுடும்"னு சொல்றதுல நியாயம் இருக்கு. அதனால பெரிய கம்பெனிகள்ல ஆரம்பிங்க. அச்சு மிட்டாய் போடற அக்காவுக்கு ஒரு நோட்டும் தேதி ரப்பர் ஸ்டாம்ப்பும் போதும். யார்கிட்ட கடலை வாங்கினோம்னு அவங்களுக்கு மனப்பாடமாவே தெரியும்.

நான் கேக்கறது மூணே மூணு. எவ்வளவு சின்ன பொட்டலமா இருந்தாலும் தொகுதி எண். தமிழ்நாட்டுல விக்கற பொருள்ல தமிழ்ல சேர்மானம். ஏற்றுமதி சரக்குக்குப் பண்ற சோதனையோட முடிவு இங்க விக்கற சரக்குக்கும், எல்லாரும் பாக்கற மாதிரி.

டிஸ்கி: கடலை மிட்டாய்க்கு நான் எதிரி இல்லீங்க, பரம ரசிகன் :-) எதிர்க்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்முங்க.